ரோதமுனியிடம் இருந்த கைப்பிடி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம். இப்படிப்பட்டவள் பிரசவம் பார்க்கிற வேலைக்கு எப்படிப் போனாள் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கும் பதில் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் என் கை நடுங்காது. மற்ற எல்லாவற்றுக்கும் நடுங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பயந்ததுபோல அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. அவ்வளவு பயத்துக்கும் காரணம் ஒரு டெலிபோன் கைப்பிடி.

எங்கள் தோட்டத்தில் டெலிபோன் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று எதிர்மலையில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில். மற்றது ஸ்டோரில். தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் முன்கட்டில், ஆபீசுக்குப் போகிற நடையில், சுவரோடு சுவராக ஒரு மரப்பெட்டி. பேச வேண்டுமானால் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றினால் டவுன் எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும், அங்கே இருப்பவர் நாம் கேட்கிற இடத்துக்கு இணைத்துக் கொடுப்பார். அந்த மலையில் இருந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் குழலை எடுத்துக் காதில் வைத்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கும். இந்த ஒரு வசதிக்காகவே எங்கள் ஆபீஸ், ஸ்டோர் உத்தியோகக்காரர்களுக்கு டெலிபோன் மேல் அப்படி ஒரு ஆசை.

ஆபீஸ் பூட்டியபிறகுதான் அவர்களுடைய பேச்சு தொடங்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கருக்கும் ஸ்டோரில் தேயிலை வேலையை மேற்பார்க்கிற எங்கள் சின்ன டீமேக்கருக்கும் நாள் முழுக்கப் பேசாததெல்லாம் பொழுது சாய்ந்ததும் ஞாபகம் வரும். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு பேரும் அந்த வருடத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரதியாக ஆட இருந்தவன் மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அந்த நேரம் பார்த்துத் துரைக்கு எங்கேயோ அவசரமாகப் பேச வேண்டியிருந்திருக்கிறது. அவர் குழலை எடுக்கும்போதெல்லாம் காதில் விழுந்தது அந்த மீசைதான். துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதுதான் வினை.

திங்கட்கிழமை காலை உத்தரவு வந்தது. ஆபீஸ் நேரம் முடிந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரும் டெலிபோனைத் தொடக்கூடாது. தீ, விபத்து, உயிருக்கு ஆபத்து, இவற்றுக்கு மட்டும் பேசலாம். அது அவசரமா இல்லையா என்பதைப் பெரிய கிளாக்கர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மீறினால் பேசினவனுக்கும் வேலை இல்லை, பேச விட்டவனுக்கும் வேலை இல்லை.

பெரிய கிளாக்கர் பாவம், யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். முதலில் அவர் பெட்டியிலிருந்து கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். கைப்பிடி இல்லாவிட்டால் வெளியிலிருந்து வருகிற அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. ஆனால் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சின்ன டீமேக்கரின் மாமனாருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் உயிர் ஊசலாடியது, ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய கிளாக்கருக்கு வெறுத்துப்போனது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கைப்பிடியைக் கொண்டுபோய் ரோதமுனியிடம் ஒப்படைத்துவிட்டார்.

ரோதை என்றால் சக்கரம். கொழுந்து அரைக்கிற மெஷினுக்கும் அங்கே அதுதான் பெயர். அந்த மெஷினுக்குக் காவல் ரோதமுனி. ரோதை ஓடுகிற அறையின் மூலையில் ஒரு கல்லும் சூலமும் இருக்கும், சந்தனம் பூசி, பூ வைத்திருப்பார்கள். வேலைக்கு வருகிறவர்கள் சாமியைக் கும்பிடாமல் மெஷினில் கை வைக்க மாட்டார்கள். நான் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் ரோதைக்குள் ஒருவருடைய கை முழங்கையோடு போயிருந்தது. அவர் சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் வந்து சாமியிடத்தைத் தொட்டாராம். அதை என்னிடம் சொல்லாத ஆள் அந்தத் தோட்டத்தில் கிடையாது.

பெரிய கிளாக்கர் கைப்பிடியைச் சூலத்தில் மாட்டினார். யாருக்குப் பேச வேண்டுமோ அவரே சூடம் ஏற்றி, என்ன அவசரம் என்று சாமிக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லி, தன் கையாலேயே கைப்பிடியை எடுத்துக்கொள்ள வேண்டும். பேசி முடித்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். பொய் சொன்னால் எடுத்த கையை ரோதை எடுத்துக்கொள்ளும். ஸ்டோர்க் காவல்காரர் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், அவர் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. அந்த வாரத்தோடு சின்ன டீமேக்கரின் மாமனார் பூரண குணமாகிவிட்டார். துரைக்குப் பரம திருப்தி. டெலிபோன் தூங்கியது. இதைவிட நல்ல ஏற்பாடு எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறு ஆனி மாத மழை. விடிந்ததிலிருந்து விடவேயில்லை. கீழ் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டில், ஒரு தலைப்பிரசவம். பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், மெலிந்த உடம்பு. அவள் புருஷன் ரோதை அறையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர். அவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்கு முன்னாலேயே பெண் குழந்தை பிறந்து, நன்றாக அழுதது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா ஒருத்தி எனக்குத் துணையாக இருந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நஞ்சுக்கொடி விழவில்லை.

கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று இருந்தேன். வயிற்றைத் தேய்த்துவிட்டேன், குழந்தையை மார்பில் போட்டேன், படித்ததையெல்லாம் செய்தேன். விழவில்லை. ரத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொட்டவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. அடியில் போட்ட சாக்கை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். உள்ளே கைவிட்டு எடுக்க எனக்கு அனுமதி கிடையாது, அதற்கு டொக்டர் வேண்டும். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரும் பெரிய கிளாக்கரும் ஒரு கல்யாணத்துக்காக ஹட்டனுக்குப் போயிருந்தார்கள். துரை கிளப்பில். துரை இல்லாத நேரத்தில் பங்களாச் சமையல்கார அப்பு டெலிபோன் அறையைப் பூட்டிச் சாவியை அவரோடு அனுப்பிவிடுவார். மிச்சம் இருந்தது ஸ்டோர் டெலிபோன் ஒன்றுதான். நான் வெளியே வந்து புருஷனிடம், ஸ்டோருக்கு ஓடிப்போய் டவுன் ஆஸ்பத்திரி டொக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், உயிருக்கு ஆபத்து என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கம்பளியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அவர் திரும்பி வந்து மழையிலேயே நின்றார். இஸ்தோப்பில் ஏறவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, பேசவில்லை என்று.

"காவக்காரரு குடுக்க மாட்டேங்கிறாருங்கம்மா. புள்ள பொறந்த வீட்டுத் தீட்டு. நான் சாமிகிட்டப் போகக்கூடாதுங்களே."

அவர் காவல்காரரைக் குறை சொல்லவில்லை. அவரும் அதையேதான் நம்பினார். பிள்ளை பிறந்த வீட்டார் பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கும்வரை எந்தச் சாமியிடமும் போகக்கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கைப்பிடியைச் சாமியிடம் கொண்டுபோய் வைத்தபோது பெரிய கிளாக்கருக்கு அது தோன்றவில்லை, எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் உயிருக்கு ஆபத்து என்று சொல்வதில் பாதி பிரசவத்தில் வருவது. பிரசவம் நடந்த வீட்டிலிருந்து யாரும் எடுக்க முடியாத இடத்தில், பிரசவ ஆபத்துக்குக் கூப்பிடுகிற கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கு எங்களுக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

நானே போவதென்று முடிவெடுத்தேன். பெரியம்மாவின் கையைப் பிடித்து வயிற்றின் எந்த இடத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்றேன். நான் எழுந்ததைப் பார்த்து அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னைய விட்டுட்டுப் போறீங்களாம்மா?"

"இல்ல. டொக்டரைக் கூப்பிட்டுட்டு இந்தா வந்துர்றேன்."

அவள் நம்பவில்லை. நான் வாசலைத் தாண்டுகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அந்தக் கண் திறந்திருக்குமா என்ற பயத்தோடுதான் படியில் கால் வைத்தேன். புருஷனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். தேயிலைக்கு நடுவே ஏறுகிற கல்படி எல்லாம் ஓடை ஆகியிருந்தது. இரண்டு இடத்தில் விழுந்தேன். காலில் அட்டை ஏறியதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அட்டைக்குப் பயப்படுகிறவள் நான்.

ஞாயிறு என்பதால் ஸ்டோரில் ரோதை ஓடவில்லை. காவல்காரர் மட்டும் இருந்தார். வயதானவர், நல்லவர், என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். நான் நடைக்குள் ஏறியதும் என் உடுப்பில் இருந்த ரத்தத்தைப் பார்த்து இரண்டு எட்டுப் பின்னால் போனார். நான் கெஞ்சினேன். நான் சூடம் ஏற்றுகிறேன், நானே எடுக்கிறேன் என்றேன். அவர் ரோதை அறை வாசலில் குறுக்கே போய் நின்றுகொண்டார். நீங்களாவது எடுத்து மாட்டிக் கொடுங்கள், பெட்டியை நீங்களே சுற்றுங்கள், நான் பேசுகிறேன், கைப்பிடியைத் தொடக்கூட மாட்டேன் என்றேன். அவர் யோசிக்காமல் இல்லை. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எந்த அவசரத்துக்காக எடுக்கிறோமோ அந்த அவசரத்தின் தீட்டு எடுத்துக் கொடுக்கிறவனையும் சேரும் என்றார். அப்புறம் அவர் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீங்க வேதக்காரவங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நாளைக்கு விடிஞ்சா ரோதை ஓடும். எங்க ஆளுங்க கைதான் அதுக்குள்ள போயி வரும். யாரு கைய எடுத்துக்கச் சொல்லுறீங்க? ஒரு பேரைச் சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். அறை இருட்டாக இருந்தது. மெஷின்கள் ஓடாமல் நிற்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கை போனவரின் கதை முழுக்க அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஒருத்தியின் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நான் ஒரு பெயரைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். என் பயத்தின் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் குழல் ஞாபகம் வந்தது. கைப்பிடி இல்லாவிட்டால் நான் யாரையும் கூப்பிட முடியாதுதான். ஆனால் கம்பியில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர்களோடு நான் பேசலாமே. மற்றத் தோட்டங்களில் எங்களுடையது போல ரோதமுனிக் காவல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மழையில் அடைபட்டுக் கிடக்கிற கிளாக்கர்கள் வேறு என்ன செய்வார்கள்? பெட்டிக்கு ஓடிக் குழலை எடுத்துக் காதில் வைத்தேன்.

கர்த்தர் இருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு ஆண் குரல்கள். ஒருவர் தன் துரையின் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாய்க்கு இறைச்சி, நமக்குப் பருப்பு, அந்தத் துரையின் மூஞ்சியும் அந்த நாயின் மூஞ்சியும் ஒன்று என்றார். மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இடையில் புகுந்து, ஹலோ, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள் என்றேன். பதற்றத்தில் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தான் வாயில் வந்தது.

சிரிப்பு நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் டக், டக் என்று இரண்டு குழலும் வைக்கப்பட்டன.

பெண் குரல், இங்கிலீஷ். யாரோ ஒரு துரைசாணி ஒட்டுக்கேட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தார்கள். காவல்காரர் கைக்குப் பயந்தார், நான் இருட்டுக்குப் பயந்தேன். அந்த மலை முழுக்க ஆளுக்கொரு பயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் தமிழில் கூப்பிட்டேன், ஐயா, ஐயா என்று. கம்பியில் ஒன்றும் இல்லை. மறுபடி யாராவது எடுப்பார்கள் என்று குழலைக் காதோடு அழுத்திக்கொண்டே நின்றேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தபோது புருஷன் நடையில் நின்றார். இருக்கச் சொன்ன இடத்தில் இருக்க முடியாமல் என் பின்னாலேயே வந்திருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"டொக்டரு வந்தா அவ பொழைப்பாளாம்மா?"

"வந்தா பொழைப்பா."

அவர் காவல்காரரைப் பார்த்து நடந்தார். காவல்காரர் அவரைத் தடுக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை, விலகிவிட்டார். விலகிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் வாசல் வரைக்கும் போனேன். புருஷன் மூலையில் உட்கார்ந்து சூடம் ஏற்றப் பார்த்தார். கை ஈரம், தீக்குச்சி பற்றவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். கை போனவர் அன்று இவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். மெஷினை ஓட்டுகிற வாரைத் தள்ளி ரோதையை நிறுத்தியது இவர்தான். அந்த அறையில் என்ன நடக்கும் என்று அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"சாமி, தீட்டோடதான் வந்திருக்கேன். பொய் சொல்லல. புடிக்கிறதுன்னா என் கையப் புடி. மத்தவங்களுதை விட்டுரு."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டிக் கைப்பிடியை எடுத்தார். ஏதாவது நடக்கும் என்று நானும் பார்த்தேன். நம்பிக்கை இல்லாத நான்தான். ஒன்றும் நடக்கவில்லை. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் அதற்கு முன் டெலிபோனைத் தொட்டதில்லை. கைப்பிடியைச் செருகத் தெரியாமல் திணறினார், நான் காட்டினேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறதுபோல அப்படி ஒரு சுற்று சுற்றினார். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் காது கிழிகிறது என்று ஏசிக்கொண்டே எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஏச்சு நின்றது. டொக்டர் வீட்டில் இருந்தார். நஞ்சு தங்கிவிட்டது, ரத்தம் நிற்கவில்லை என்றேன். வருகிறேன், வயிற்றை விடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். புருஷன் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சூலத்திலேயே மாட்டினார். அந்த நேரத்திலும் ஒழுங்கை விடவில்லை.

திரும்பி ஓடும்போது நான் முன்னால், அவர் பின்னால். லயத்தில் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். கேட்டது குழந்தையின் அழுகை. உள்ளே பெரியம்மா வியர்த்துப்போய், காட்டிய இடத்தில் அப்படியே கை வைத்திருந்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. குளிர்கிறது, குளிர்கிறது என்றாள். பெரியம்மாவை விலக்கிவிட்டு நான் அமுக்கினேன். டவுனிலிருந்து அந்தப் பாதையில் கார் வர எவ்வளவு நேரம் பிடிக்கும், மழையில் எங்காவது மண் சரிந்திருக்குமா, இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுநடுவே ரோதமுனியிடமும் பேசினேன். அந்தப் பிள்ளையை வெளியே எடுத்தது என் கை, தீட்டு என்னுடையது, அந்த மனுஷனை விட்டுவிடு என்று. போதகர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

டொக்டர் வந்தார். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலையைப் பார்த்தார். நஞ்சு வந்தது. ரத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னைப் பார்த்து, வந்துட்டீங்களா என்றாள். இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தேன். புருஷன் அங்கே வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் துரை விசாரித்தார். டொக்டரின் கார் தோட்டத்துக்குள் போனதை யாரோ சொல்லியிருந்தார்கள். ஆபீசில் என்னையும் காவல்காரரையும் அந்தப் பெண்ணின் புருஷனையும் வரிசையாக நிறுத்தினார்கள். பெரிய கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துரை கோபமாக இல்லை. உண்மையாகவே விளங்காதவர் மாதிரி கேட்டார்.

"பொம்பளை சாகலை. புள்ளையும் சாகலை. அப்ப என்னா அவசரம்?"

எனக்குத் துரைமாரிடம் எவ்வளவு பயம் என்று சொல்லத் தேவையில்லை. வேலை போனால் நேரே வீட்டுக்குத்தான். ஆனால் பக்கத்தில் அந்த மனிதர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். காலையில் ரோதையை ஓட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"சாகிறதுக்கு முன்னாடி இருக்கிறதுதான் சார் அவசரம். செத்தப்புறம் எதுக்கு டெலிபோன்?"

துரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்தது என் கதை என்று நினைத்தேன். பிறகு பெரிய கிளாக்கரிடம் இங்கிலீஷில், கைப்பிடியை இவளிடம் கொடு என்றார். அவ்வளவுதான். யாருக்கும் வேலை போகவில்லை.

அன்றிலிருந்து கைப்பிடி என் வீட்டு வாசல் ஆணியில், குடைக்குப் பக்கத்தில் தொங்கியது. அவசரம் என்று வந்தவர்களிடம் நான் சூடமும் கேட்கவில்லை, சத்தியமும் கேட்கவில்லை. நானே கைப்பிடியோடு கூடப்போவேன். பக்கத்தில் மருத்துவச்சி நின்றால் ரதி வேஷம் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. சின்ன டீமேக்கர் ஒரு தடவை வந்து பார்த்தார், நான் கொடுத்த பேச்சில் திரும்பிப் போனவர் அப்புறம் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ரோதை ஓடுவதற்கு முன்பே ரோதை அறை ஆட்கள் சேவல் அறுத்துத் தீட்டுக் கழித்திருந்தார்கள். ஆனாலும் அந்த மனிதரை வேறு வேலைக்கு மாற்றும்படி நான் பெரிய கிளாக்கரிடம் கெஞ்சினேன். பழகிய ஆளை மாற்ற முடியாது என்று துரை சொல்லிவிட்டார். எனக்கு ரோதமுனி மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. என் பயமெல்லாம் அவர் பயத்தைப் பற்றித்தான். பயந்துகொண்டே மெஷினில் வைக்கிற கை தடுமாறும். தடுமாறுகிற கையைத்தான் ரோதை பிடிக்கும், அதற்குச் சாமியே வேண்டியதில்லை. ஸ்டோர்ப் பக்கம் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவேன்.

அவருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. பாதையில் என்னைக் கண்டால் நின்று வலது கையைத் தூக்கி விரலை விரித்துக் காட்டுவார். "இன்னும் இருக்குங்கம்மா" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார், நானும் சிரிப்பேன். ஆனால் இரண்டு பேருடைய கண்ணும் அந்தக் கையில்தான் இருக்கும். ஒருநாள்கூட அவர் காட்டாமல் போனதில்லை.

மூன்றாவது வருடம் எனக்கு லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. அதற்கு முன் காய்ச்சலில் விழுந்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாதத்துக்கும் மேல் அந்தத் தோட்டத்துச் சேதி ஒன்றும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்தது பெட்டியை எடுத்துக்கொண்டு போக மட்டும்தான். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது புருஷனும் பெண்சாதியும் வழியனுப்ப வந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பிள்ளையை வலது பக்கம் தோளோடு அணைத்து, இரண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால் மூடியிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

கையைத் தூக்கவில்லை.

நான் காத்திருந்தேன். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் காதில் ஏறவில்லை. ஒரு மாதம் நான் இங்கே இல்லை, ஒரு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும், யாரும் என்னிடம் சொல்லாமல் இருந்திருப்பார்கள். நான் கம்பளியையே பார்ப்பதை அவர் கவனித்துக் கொஞ்சம் திரும்பினார். கம்பளியின் ஓரத்தில், பிள்ளையின் தொடைக்குக் கீழே, அவளைத் தாங்கிக்கொண்டு அந்த விரல்கள் தெரிந்தன.

"தூங்குதுங்கம்மா," என்றார் மெதுவாக. "அப்புறம் காட்டுறேன்."

சரி என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு நான் போகவில்லை, அவரையும் பார்க்கவில்லை. வயதாகிவிட்டது, எத்தனையோ பயம் என்னை விட்டுப் போய்விட்டது. எங்காவது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் மட்டும் இன்றைக்கும் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.